பேச்சு வரலையே என்பதில் தொடங்கி பத்தாம் வகுப்பு வரை: சிறப்புக் குழந்தைகளின் சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். தெரபி சென்டரில் உள்ளே அவனுக்கு வகுப்பு நடக்கும்போது வெளியே பெஞ்சில் பெற்றோர்கள் பேசிக்கொண்டிருப்போம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அவரவர் கதைதான் வேறு. அவற்றைக் கேட்டபடியே இங்கே எழுதி, தெரிந்த பதிலைப் போட்டிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. மருந்து, மாத்திரை பற்றி இதில் ஒன்றும் இருக்காது.

1. பையனுக்கு ரெண்டே கால் வயசு, இன்னும் பேச்சு வரல. "அவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான்"னு மாமியார் சொல்றாங்க. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் சில தனிச் சொற்களும், இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல் சேர்ந்தும் வர வேண்டும். பேச்சைவிட முக்கியமான சில உண்டு. "அதோ காக்கா" என்று உங்களுக்குக் காட்டுவதற்காக விரலை நீட்டுகிறானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? ஒரு பொம்மையைக் கொண்டுவந்து காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இவையும் இல்லையென்றால் தள்ளிப்போடவே கூடாது. வந்த சொற்கள் மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.

மாமியார் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். தாமதமாகப் பேசி நன்றாக வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் உங்கள் பிள்ளை அந்த வகைதானா என்று இரண்டு வயதில் வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. தேவையில்லாமல் ஆறு மாதம் ஸ்பீச் தெரபிக்குப் போனதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை.

செல்போன் பற்றியும் கேட்பார்கள். இரண்டு வயதுவரை திரையே வேண்டாம், ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். குறைப்பது நல்லதுதான். ஆனால் போனை நிறுத்திவிட்டு மூன்று மாதம் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். ஆட்டிசம் போன் பார்ப்பதால் வருவதில்லை.

2. சரி, முதல்ல யார்கிட்ட போறது?

வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரிடமே தொடங்குங்கள். அவர் "ஆண் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டால் பிள்ளைகளின் வளர்ச்சியைத் தனியாகப் பார்க்கும் டெவலப்மென்டல் பீடியாட்ரிஷியன் ஒருவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனை என்றால் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் நிப்மெட் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம். மதிப்பீடு, தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். தூரம்தான் சிரமம்.

வேறு எதற்கு முன்பும் காது பரிசோதனை. "டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றானே, காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்று சொல்வதை ஏற்காதீர்கள். பாதி கேட்கும் பிள்ளையும் ஓடி வரும். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் பிள்ளை தூங்கும்போது எடுப்பது. காலையில் சீக்கிரம் எழுப்பிவிட்டு, வழியில் ஆட்டோவில் தூங்கவிடாமல் கொண்டுபோனால் அங்கே சுலபமாகத் தூங்கும். காதில்தான் பிரச்சினை என்று தெரிந்தால் காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் வரைக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு, ஆனால் வயது வரம்பு இருக்கிறது. அடையாறு பால வித்யாலயா மாதிரி காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளைப் பேச வைப்பதற்கென்றே 1969 முதல் நடக்கும் பள்ளியும் இந்த ஊரில் உண்டு.

3. வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், கீழ் வீட்ல தெலுங்கு. குழந்தை குழம்பிடும், இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு சொல்லிட்டாங்க. தமிழை விட்டுடணுமா?

விட வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் இது பொருந்தும். அம்மாவுக்குச் சரளமாக வராத மொழியில் "கம் ஹியர், சிட் டவுன், ஈட்" என்று ஆணை மட்டும்தான் போட முடியும். கொஞ்சலும் திட்டும் கதையும் உங்களுக்கு எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுங்கள். தாத்தா பாட்டியோடு பேச முடியாத பிள்ளைக்கு வீட்டில் பாதி ஆள் குறைந்துவிடும்.

4. படத்தைக் காட்டிக் கேக்கப் பழக்குறாங்க. அதுக்கே பழகி பேச்சே வராம போயிடாதா?

போகாது. தனக்கு வேண்டியதை ஒரு வழியில் சொல்ல முடிந்த பிள்ளைக்கு ஆத்திரம் குறையும். பேச்சு வரக்கூடிய பிள்ளைக்கு அது பேச்சுக்கும் உதவும். சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலி இதற்குத்தான், தமிழிலும் பேசும். ஃபிரிட்ஜ் கதவில் தண்ணீர், பிஸ்கட், மொட்டை மாடி, பாத்ரூம் என்று நாலு போட்டோ ஒட்டினாலும் போதும், செயலி வாங்கித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. முறுக்கு டப்பாவை மூடி இறுக்கி அவன் கையில் கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களைப் பார்ப்பான். உடனே திறக்காதீர்கள். அஞ்சு எண்ணுங்கள். ஒரு சத்தம், ஒரு கை நீட்டல், படத்தைத் தொடுவது, எது வந்தாலும் "திற" என்று நீங்கள் சொல்லித் திறந்து ஒன்றே ஒன்று கொடுங்கள். மறுபடி மூடுங்கள். நம் அம்மாக்களுக்கு இதில் கஷ்டமான பகுதி அந்த அஞ்சு எண்ணுவதுதான். பிள்ளை கேட்கும் முன்னே ஊட்டிப் பழகியவர்கள் ஆயிற்றே.

5. ஓ.டி., ஸ்பீச், ஸ்பெஷல் எஜுகேஷன், பிஹேவியர்னு நாலையும் எழுதிக் கொடுத்திருக்காங்க. நாலும் வேணுமா?

ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) என்பது உடம்பும் புலன்களும் சம்பந்தப்பட்டது: பட்டன் போடுவது, பென்சில் பிடிப்பது, சத்தம் தாங்குவது, ஓர் இடத்தில் உட்காருவது. ஸ்பீச் என்பது உச்சரிப்பு மட்டுமல்ல, புரிந்துகொள்வதும் கேட்டு வாங்குவதும் அதில்தான். ஸ்பெஷல் எஜுகேட்டர் படிப்பைப் பிள்ளைக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுப்பவர். பிஹேவியர் தெரபி நடத்தையைப் பழக்குவது, அது நம் பிள்ளைக்கு எதற்கு என்று சென்டரில் உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல முடிந்தால் மட்டும் சேருங்கள்.

வாரம் முழுக்க தெரபி வைத்து, மாலையில் வீட்டிலும் ஒர்க்‌ஷீட் வைத்து, பிள்ளை விளையாடவே நேரமில்லாமல் ஓடும் குடும்பங்களைப் பார்க்கிறேன். எனக்கு அது சம்மதமில்லை. இப்போதைக்கு எது மிகவும் தடையாக இருக்கிறதோ அதற்கு ஒன்றோ இரண்டோ போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை "இந்த மூன்று மாதத்தில் எதைக் கற்றுத்தரப் போகிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். "கவனம் கூடும்" என்பது இலக்கு இல்லை. "மூன்று பொருள் கேட்டால் எடுத்து வருவான்" என்பது இலக்கு.

6. தெரபிஸ்ட் சரியா படிச்சவங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எல்லாரும் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். ஓ.டி.யும் பிசியோதெரபிஸ்டும் ஆர்.சி.ஐ.யில் வர மாட்டார்கள், அவர்களிடம் பட்டத்தைக் கேட்டால் போதும். இது தெரியாமல் ஒரு நல்ல ஓ.டி.யிடம் "உங்ககிட்ட ஆர்.சி.ஐ. நம்பரே இல்லையே" என்று சண்டை போட்ட அப்பாவும் உண்டு.

இன்னொரு சோதனை: உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தினமும் வேண்டாம், எப்போதாவது. கதவைத் திறக்கவே மாட்டேன் என்கிற இடம் எனக்குப் பிடிக்காது.

7. டாக்டர் ரிப்போர்ட் கையில இருக்கே, தனியா சர்ட்டிஃபிகேட் எதுக்கு? கார்டு வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?

தனியார் டாக்டரின் ரிப்போர்ட் தெரபிக்கு உதவும். தேர்வுச் சலுகை, உதவித்தொகை, வரிக் கழிவு, பஸ் எல்லாவற்றுக்கும் அரசு கொடுக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும்தான் வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும், பிறகு அரசு மருத்துவர்கள் நேரில் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான், மறுபடி எப்போது வர வேண்டும் என்று அதிலேயே இருக்கும். கார்டை நீங்கள் நீட்டினால்தான் அடுத்தவருக்குத் தெரியும். பீரோவில் வைத்துக்கொண்டு ஒருநாளும் காட்டாமலும் இருக்கலாம்.

சென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் முகவரி. பேச்சுவழக்கில் எல்லாமே சென்னைதான், ஆனால் தாம்பரம், பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆவடி, பூந்தமல்லி திருவள்ளூர். குன்றத்தூர், மாங்காடு காஞ்சிபுரம். ஆதாரில் உள்ள மாவட்டத்தின் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் உங்களுக்கு. ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் வரை ஒரு நாள் லீவு போட்டுப் போய்த் திரும்புவதற்கு முன் ஆதாரை எடுத்துப் பாருங்கள்.

8. நாப்பது சதவீதம்னு போட்டிருக்காங்க. அப்போ மூளை அறுபது சதவீதம்தான் வேலை செய்யுதா?

இல்லவே இல்லை. ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது, அதில் வரும் மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றுகிறார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு வேறு சோதனை, வேறு கணக்கு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் பல சலுகைகளுக்கு 40 சதவீதம் நுழைவாயில், அவ்வளவுதான். "சதவீதம் குறைஞ்சா சந்தோஷம்" என்று நினைத்து, நேர்காணலில் பிள்ளையின் சிரமங்களை மறைத்து 40-க்குக் கீழே வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பிறகு பத்தாம் வகுப்பில் வருத்தப்படுகிறார்கள். மோசமான நாளில் பிள்ளை எப்படி இருக்குமோ அதையும் சொல்லுங்கள்.

9. ஏ.டி.ஹெச்.டி.ன்னு சொல்லியிருக்காங்க. இதுக்கும் கார்டு உண்டா?

ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருப்பது) தனியாக அந்தச் சட்டத்தின் 21 வகையில் இல்லை. கூடவே கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தால் அதன் பேரில் கிடைக்கும். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் தர மாட்டார்கள், எழுத்துக் கூட்டுவதில் எல்லாப் பிள்ளைக்கும் தடுமாற்றம் இருக்கும் வயது அது. அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற இடங்களில் உதவி கேட்கலாம்.

10. நார்மல் ஸ்கூல்ல போடறதா, ஸ்பெஷல் ஸ்கூலா?

பெஞ்சில் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். சட்டப்படி 6 முதல் 18 வயதுவரை 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விருப்பப்பட்ட சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. தேர்வு உங்களுடையது. சென்னையில் கீழ்ப்பாக்கம் பால விஹார், 1985-இல் தொடங்கிய கோட்டூர்புரம் வித்யா சாகர், தரமணியில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்று பழைய சிறப்புப் பள்ளிகள் உண்டு. வித்யா சாகர் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பி உதவும் வேலையையும் செய்கிறது, ஆகவே இது ஒரு வழிப்பாதை இல்லை.

என் கணக்கு இது. ஏ.சி. வகுப்பறை, சி.பி.எஸ்.இ.யா ஸ்டேட் போர்டா என்பதெல்லாம் அப்புறம். அந்த வகுப்பு டீச்சர் யார், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், நம் பிள்ளை இடைவேளையில் யார் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பெரிய பெயருள்ள பள்ளியில் வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் கிரேயானோடு உட்கார்ந்திருப்பதைவிட, மாநகராட்சிப் பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்குப் போட வைக்கும் டீச்சர் மேல். அரசுப் பள்ளியில் சேர்த்தால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் வருவார்கள். நடக்க முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தருவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

11. அட்மிஷன் நேரத்துல சொல்லிடறதா, இல்ல சேர்த்தப்புறம் பார்த்துக்கலாமா?

சொல்லிவிடுங்கள். மறைத்துச் சேர்த்தால் இரண்டாம் வாரமே தெரிந்துவிடும், அப்போது டீச்சரின் கோபம் பிள்ளை மேல் திரும்பும். எப்படிச் சொல்வது என்பதுதான் விஷயம். பத்துப் பக்க ரிப்போர்ட்டை மேஜையில் வைக்காதீர்கள். ஒரே பக்கம்: எது பிடிக்கும், எது பயம், பாத்ரூம் வேண்டும் என்றால் எப்படிக் காட்டுவான், அழுதால் என்ன செய்தால் அடங்கும். வகுப்பு டீச்சருக்கு வேண்டியது அதுதான்.

சேர்க்கைக்கு பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எல்.கே.ஜி. "இன்டர்ஆக்‌ஷன்" என்று வேறு பெயரில் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

12. "எங்களால மேனேஜ் பண்ண முடியல, டி.சி. வாங்கிக்கோங்க"ன்னு ஸ்கூல்ல சொல்றாங்க. என்ன பண்றது?

முதலில், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "பெற்றோர் விருப்பத்தின் பேரில்" என்று எழுதின டி.சி. விண்ணப்பத்தை நீட்டுவார்கள். "நீங்கள் சொன்னதை எழுதிக் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள், அல்லது நடந்த பேச்சை நீங்களே ஈமெயிலாக அனுப்பிவிடுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, சென்னையில் பல பெரிய பள்ளிகள் அந்த வகை. ஆனால் 8-ஆவது பதிலில் சொன்ன 2016 சட்டம், அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. புகார் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் ஸ்பெஷல் எஜுகேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது இணைப்பு விதியிலேயே இருக்கிறது, யார் அவர் என்று கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: சண்டையில் ஜெயித்து, வேண்டாத பிள்ளையாக அந்த வகுப்பில் உட்கார வைப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். ஜெயிப்பது ஆணையர் ஆபீசில், தினமும் போய் உட்காருவது பிள்ளை.

13. ஷேடோ டீச்சர் வச்சாத்தான் சேர்த்துக்குவோம்ங்கிறாங்க. சம்பளம் நாங்க குடுக்கணுமாம்.

ஷேடோ டீச்சர் என்பவர் வகுப்பில் நம் பிள்ளைக்கு மட்டும் கூடவே இருந்து உதவுபவர். சம்பளத்தை நடைமுறையில் பெரும்பாலும் பெற்றோர்தான் கொடுக்கிறார்கள். சேர்க்கைக்கே நிபந்தனையாக வைப்பது 12-இல் சொன்ன பாகுபாட்டுக் கேள்விக்குள் வரும், எழுத்தில் கேளுங்கள். ஷேடோ தேவைப்படும் பிள்ளைகள் உண்டுதான். ஆனால் அவர் பிள்ளையின் தோளை ஒட்டி உட்கார்ந்து நோட்டில் அவரே எழுத ஆரம்பித்தால், வகுப்பு டீச்சரின் கண் அந்தப் பிள்ளை மேல் படுவதே நின்றுவிடும். பின்னால் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து நேரத்தைக் குறைப்பது என்று சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

14. இப்போ மூணாவதுதான். ஆனா பத்தாவதை நினைச்சா தூக்கம் வரல. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் எப்படி எழுதுவான்?

தூங்குங்கள், வழி இருக்கிறது. ஸ்டேட் போர்டில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. சி.பி.எஸ்.இ.யிலும் மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி கூடுதல், ஒரே மொழி போதும். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சான்றிதழ் அப்போது செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே 7-இல் சொன்ன தேதியைப் பாருங்கள்.

இன்னொன்று என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், அதில் ஒரு மொழி இருந்தால் போதும், ஐந்து வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். சில பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் நாலாம் வகுப்பிலேயே "இவன் என்.ஐ.ஓ.எஸ். கேஸ்" என்று ஒதுக்கி வைக்கும் பள்ளியிடம் ஏமாறாதீர்கள்.

15. மாசாமாசம் தெரபிக்கே சம்பளத்துல பெரும்பகுதி போகுது. கவர்மென்ட்ல என்ன கிடைக்கும்?

அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷம் ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் ஓரளவு வரும். வருஷாவருஷம் புதுப்பிக்க மறக்காதீர்கள். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. எம்.டி.சி. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் இல்லை.

16. ஸ்டெம் செல் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்களே?

போடாதீர்கள். ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர மற்றதற்கெல்லாம் அது ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். 2017-இலேயே சொல்லியிருக்கிறது. ஆராய்ச்சி என்றால் உங்களிடம் பணம் வாங்கக்கூடாது. நகையை அடகு வைக்கச் சொல்கிற எந்த "குணமாகிவிடும்" பேச்சுக்கும் இதே பதில்.

17. வீட்டுக்காரர் ஒத்துக்கவே மாட்டேங்கிறார். "எம்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல"ன்னு கத்துறார்.

வாதாடி ஜெயிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை அவரையே தெரபிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டு நீங்கள் வீட்டில் இருங்கள். அதே வயதுப் பிள்ளைகளோடு பார்க்கில் அரை மணி உட்கார்ந்தாலும் சரி. பெயரை அவர் ஏற்க வேண்டாம். "பேச்சுக்கு உதவி வேணும்" என்பதை ஏற்றால் போதும்.

18. கல்யாணம், கோயில்னு எங்கேயும் போறதில்ல இப்போ. பெரியவ "எல்லாம் அவனுக்காகத்தானா"ன்னு அழுறா.

போங்கள், ஆனால் அவன் நேரத்துக்குப் போங்கள். கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு ஒரு மணி முன்னால், பந்தி தொடங்கும் முன், மண்டபம் காலியாக இருக்கும்போது ஒரு சுற்று. கெட்டிமேளம் கொட்டும் நேரம் எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அப்போது வாசலில் கோலத்துப் பக்கம் நிற்கலாம். காதுக்கு சத்தம் குறைக்கும் ஹெட்ஃபோன். பையில் அவன் சாப்பிடும் தயிர் சாதம், "இலையில உக்காந்து சாப்பிடலையா" என்று கேட்கும் அத்தைக்கு ஒரு சிரிப்பு. மெரினாவில் சக்கர நாற்காலி அலை அருகே போகிற மாதிரி மரப்பாதை போட்டிருக்கிறார்கள், காலை நேரம் கூட்டமிருக்காது.

பெரியவளுக்கு வாரத்தில் ஒரு நேரம் அவளுக்கென்றே வையுங்கள், தம்பி பேச்சு எடுக்காமல். தம்பிக்கு என்ன என்று அவள் வயதுக்குப் புரியும்படி சொல்லுங்கள், ஸ்கூல் வேனில் யாரோ சொல்லித் தெரிய வேண்டாம். தம்பியைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

19. எங்களுக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பா?

இதை நாலு வயதுப் பிள்ளையின் அப்பாவும் கேட்கிறார். 18 வயது ஆனதும் பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, 15-இல் சொன்ன நாலு வகைக்கும் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டக் காப்பாளர் ஆக வேண்டும். அதற்குக் காலம் இருக்கிறது. இப்போதைக்கு உயில் எழுதுங்கள், பி.எஃப். நாமினேஷனைப் பாருங்கள். அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் உண்டா என்று அலுவலகத்தில் விசாரித்து, பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அவனுக்குத் தானே குளிக்கவும், தோசை ஊற்றவும், பஸ் நம்பர் பார்த்து ஏறவும் சொல்லிக்கொடுங்கள். குளியலை ஆறு வயதிலேயே ஆரம்பிக்கலாம்.